அம்மாவின் றிவோல்வருக்கு நிக்கல் பூசுவதா

யூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஜெர்மனியில், கொலோனில் யூன் மாதம் இப்படித்தான். சைக்கிள் சீட்டுக்குப் பிளாஸ்ரிக் பை கட்ட மறந்து, நாள் முழுக்க ஈரக் காற்சட்டை.

வேலை முடிந்து வீட்டுக்கு வர, அம்மா போனில். மறுமுனையில் தலைவர் மாமா. எங்கள் தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிக் குழுவின் தலைவர். இத்தனை வருடத்தில் அந்தப் பதவியே அவர் பெயராகிவிட்டது. அம்மா "ஓம்... ஓம்... சரி" மட்டும். போனை வைத்துவிட்டு லீக்ஸ் வெட்டத் தொடங்கினார். கேட்டால்தான் வாய் திறப்பார்.

"என்னவாம்?"

"இந்த முறை வெடி வேண்டாமாம். போன்ல ஒரு சத்தம் இருக்காம். ஒலிபெருக்கியில போட்டா பீப் எண்டு அடிக்குமாம். அதுக்கு ஓடுறதாம்."

"ஆர் அடிக்கிறது?"

"அவற்ற மகன்."

"ஏன் திடீரெண்டு?"

"நகரசபையில இருந்து ஆக்கள் வருகினமாம். என்ர கையில இருக்கிற சாமான் கறள் பிடிச்ச மாதிரிக் கிடக்காம். படத்தில வடிவில்லையாம். மினுக்கித் தந்தா யோசிக்கலாம் எண்டவர்."

இருபத்திரண்டு வருடமாக ஓட்டங்களைத் தொடக்கி வைப்பவர் அம்மா. முதல் வருடம் வரவேண்டிய ஆள் வரவில்லை. மன்னாரில் நானூறு மீற்றர் ஓடியவர் என்று யாரோ சொல்ல, அம்மாவின் கையில் றிவோல்வரைத் திணித்தார்கள். அன்றிலிருந்து அவர்தான். விடிய நாலரைக்கு எழும்பி ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிற மனுஷி. வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் சுடுகிற கைக்குச் செம்மஞ்சள் கைச்சட்டை போட்டு, கையை உயர்த்தி, முந்நூறு பேரை வாய்மூட வைப்பார். அழைப்பிதழில் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், எல்லார் பெயரும் உண்டு. அம்மாவின் பெயர் ஒரு தடவைகூட இல்லை.

இப்போது அந்தக் கையும் வேண்டாமாம்.

மினுக்க வேண்டுமா? நான் என்ன வேலை செய்கிறேன்? நிக்கல் பூசுகிற வேலை! தண்ணீர்க் குழாய்ப் பிடி, ஒரு நாளைக்கு எண்ணூறு. இதையும் பூசிக் காட்டுகிறேன்.

றிவோல்வரை எடுத்துப் பார்த்தேன். ஜெர்மன் தயாரிப்பு, என்னைவிட வயது கூட. குண்டு போகாது, குழல் அடைப்பு. வெற்று வெடி, நிறையப் புகை. அவ்வளவுதான் அதன் தொழில். நிக்கல் பாதி போய்விட்டது. அது போன இடத்தில் செம்பு நிறம், செம்பும் போன இடத்தில் சாம்பல். உண்மையில் அசிங்கம்தான். தலைவர் சொன்னது சரி என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

போட்டி 21 சனி. இன்னும் 18 நாள்.

யூன் 4, புதன்

மழை விட்டது. றிவோல்வர் பூட்டுப் பெட்டிக்குள். பெட்டி முதுகுப் பைக்குள். வெடிகள் வீட்டில். சட்டப்படி எல்லாம் சரி. ஆனாலும் டிராம் வேண்டாம், சைக்கிள். இந்தத் தோலோடு இந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால் நான் வேலைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகும்.

ஸ்வென்யாவிடம் காட்டினேன். நானும் அவளும் ஒரே தொட்டி வரிசையில் வேலை. இருபத்தாறு வயது, என்னைவிட இரண்டு கூட. போன வருடம் அவள் கிராமத்துத் துப்பாக்கிச் சங்க விழாவில், கம்பத்து உச்சியில் இருந்த மரப் பறவையைச் சுட்டு விழுத்தி ராணி ஆனவள். தோளில் துப்பாக்கியோடு ஊர்வலம் போவார்களாம். முன்னால் பாண்ட் வாத்தியம். பொலிஸ் வீதியை மறித்துக் கொடுக்குமாம். எனக்கு டிராமே யோசனை என்றேன்.

"ம். அநியாயம்தான்," என்றாள். அவ்வளவு. சமாதானம் சொல்ல வரவில்லை. அதனால்தான் இவளோடு ஒத்துப்போகிறது.

சாப்பாட்டு இடைவேளையில் என் திட்டத்தை விளக்கினேன். பழைய நிக்கலை அமிலத்தில் கழற்றுவது, மினுக்குவது, புதுப் பூச்சு. இரண்டு மணி நேர வேலை. ஸ்வென்யா பாணைக் கடித்துக்கொண்டே மேசையில் கிடந்த காந்தத்தை எடுத்து றிவோல்வரில் வைத்தாள். ஒட்டவில்லை. விழுந்து கதிரைக்கடியில் உருண்டது.

துத்தநாக வார்ப்பு. உருக்கே இல்லை, திருகாணியும் சுத்தியலும் தவிர.

அமிலத்தில் போட்டிருந்தால் சோடா மாதிரிப் பொங்கிக் கரைந்திருக்கும். அம்மாவிடம் இரண்டு திருகாணியைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். மூன்று வருட அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி. சான்றிதழ் வரவேற்பறைச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில். முதலில் காந்தம் வைத்துப் பார் என்பது முதல் கிழமைப் பாடம்.

"உன் வீட்டுச் சாமான் என்றதும் மூளையை லொக்கரில் வைத்துவிட்டு வந்துவிட்டாய்," என்றாள். இரண்டு பேரும் சிரித்ததில் கோப்பி மேசையெல்லாம்.

யூன் 6, வெள்ளி

வெயில். தொட்டிப் பக்கம் ஒரே புழுக்கம்.

ஏஜென்சி அனுப்பிய ஆட்களுக்கு இன்றும் குட்டைக் கையுறை. நிரந்தரக்காரருக்கு முழங்கை வரை நீளம். அமிலம் ஒன்றுதான், அதற்கு யார் நிரந்தரம் என்று தெரியாது. ஷெஃபிடம், எங்கள் மேலாளரிடம், சொன்னேன். "ஓர்டர் போட்டாயிற்று." மூன்றாம் தடவை அதே பதில். என் சோடியை அந்தப் பக்கம் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, ஸ்ரோருக்குப் போய்த் தொலைந்துவிட்டது என்று வேறு எடுத்தேன். திங்கள் லீவு. செவ்வாயிலிருந்து தினமும் ஒன்று தொலைப்பதாக உத்தேசம்.

றிவோல்வர். அமிலம் வேண்டாம், கையால் மினுக்கிச் செம்பு பூசி அதன்மேல் நிக்கல். துத்தநாகத்துக்கு அதுதான் முறை. ஸ்வென்யா சம்மதம். பிறகு அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த முத்திரையை என்ன செய்யப் போகிறாய்?"

பக்கவாட்டில் சின்ன வட்டம். வட்டத்துக்குள் மூன்று எழுத்து, கீழே ஒரு இலக்கம். அரசாங்கப் பரிசோதனை முத்திரை. அது இருந்தால் இது வெடிச்சத்தம் போடுகிற சாமான், பதினெட்டு வயது ஆன யாரும் வீட்டில் வைக்கலாம். அது அழிந்தால் இதற்குத் துப்பாக்கி அனுமதிப் பத்திரம் வேண்டும். ஏற்கெனவே நகத்தால் தடவினால்தான் தெரிகிற அளவு தேய்ந்திருக்கிறது. மினுக்குச் சில்லில் ஐந்து செக்கன் பிடித்தால் போச்சு.

சட்டவிரோத ஆயுதத்தோடு பிடிபட்ட ஆஸ்பத்திரித் துப்புரவுப் பெண். தலைப்பு தயாராகவே இருக்கிறது. படம் மட்டும்தான் பாக்கி, அதுவும் வடிவாகவே இருக்கும்.

வழிகள்:
1. அப்படியே விடுவது. தலைவர் வென்றார்.
2. முழுக்க மினுக்குவது. முத்திரை போச்சு. இல்லை.
3. முத்திரைக்கு மேல் மறைப்பு மெழுகு பூசி, மற்ற இடத்தை மட்டும் கையால் மெதுவாக. பளபளப்புக்கு நடுவில் ஒரு தேய்ந்த தீவு. செய்யலாம்.

3 தான். ஷெஃப் சம்மதித்தார். 19 வியாழன் திருநாள் லீவு. 20 வெள்ளி பாதிப்பேர் வரமாட்டார்கள், சின்னத் தொட்டி சும்மா கிடக்கும். அன்று செய் என்றார். மறுநாள் போட்டி. இறுக்கம்தான், ஆனால் நேரம் காணும்.

யூன் 9, திங்கள்

லீவு. பத்து மணி வரை நித்திரை.

அம்மா பல்கனியில் ஆட்டுக்கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு. றிவோல்வரையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருந்தேன். மெழுகு எங்கே பூச வேண்டும் என்று பென்சிலால் குறிக்க. அப்போதுதான் கவனித்தேன். நிக்கல் போனது கண்டபடி இல்லை. சுத்தியல் முனையில் கட்டை விரல். குழலின் வலப்பக்கம் நீட்டின சுட்டு விரல். கைப்பிடியின் பின்னால் உள்ளங்கை. என் கையில் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் பொருந்தவில்லை. அம்மா பிடித்தால் தேய்ந்த இடமெல்லாம் மறைகிறது.

"உங்களுக்கு இதை மினுக்க விருப்பமோ?"

"எனக்கென்ன. வெடிச்சாச் சரி."

"அப்ப ஏன் தலைவருக்கு ஓம் எண்டனீங்கள்?"

"நான் இல்லையெண்டா போட்டி நடக்காதோ? பிள்ளையள் ஓடினாச் சரி."

சொல்லிவிட்டு ஒரே வெங்காயத்தை மூன்று தரம் உரித்தார். ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறகு, என்னைப் பார்க்காமல்: "உது வடிவு பிரச்சினை இல்லைப் பிள்ளை. அவற்ற மகனை நான் ஒருக்கா வெளியில விட்டனான் எல்லே."

அடடா. மறந்தே போனேன். ஏழு வருடத்துக்கு முன்னால். நூறு மீற்றர் இறுதி. அவன் வெடிக்கு முன்னே பாய்ந்தான். அம்மா இரண்டாவது வெடி வைத்து எல்லாரையும் திருப்பிக் கூப்பிட்டு அவனை வெளியே அனுப்பினார். தலைவர் கமெராவோடு ஓடிவந்து கத்தினார். அம்மா சொன்னது இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓடுகிறது: "படம் எடுக்கிற ஆக்கள் கோட்டுக்கு வெளியில நில்லுங்கோ."

ஏழு வருடம் வைத்திருந்து இப்போது பீப்.

இன்னொன்றும் ஞாபகம். ஒரு வருடம் உள்ளூர்ப் பத்திரிகைப் பெண் ஒருத்தி, போரிலிருந்து வந்த நீங்கள் எப்படி இதைக் கையில் பிடிக்கிறீர்கள் என்று கேட்டாள். அம்மா: "அங்க வெடிச்சா விழுந்து படுக்கவேணும். இங்க வெடிச்சா எழும்பி ஓடவேணும். வேற என்ன?" நான்தான் மொழிபெயர்த்தேன். அவள் கண்கலங்கினாள். அம்மா என் காதில்: "இவள் ஏன் அழுறாள்? நான் பகிடி எல்லே விட்டனான்."

முடிவு: மினுக்குகிறேன். கண்ணாடி மாதிரி. தலைவர் அதில் தன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

யூன் 14, சனி

சிரித்து விலா நோகிறது.

மைதானத்தில் ஒத்திகை. நல்ல வெயில். அம்மா வந்தது தண்ணீர்ப் போத்தல் கொடுக்க. அந்த வேலைதான் இந்த முறை அவருக்கு. றிவோல்வரும் பெட்டியில் வந்தது, தலைவர் ஒருமுறை பார்த்து மனம் மாறட்டும் என்று. என் பையில் புதுக் குழாய்ப் பிடி ஒன்று, எங்கள் தொட்டியில் பூசியது. றிவோல்வர் இப்படி வரும் என்று காட்ட.

முடிவுக் கோட்டில் நேரக் கணிப்பாளர் ஐந்து பேர், படி வைத்த வாங்குப் பலகையில். கையில் ஆளுக்கொரு ஸ்ரொப் வோச். மூத்தவர் யோகன் மாமா. அம்மாவுக்கு யோகன் அண்ணை. பகலில் பார்சல் வான் ஓட்டுகிறவர். இந்த வாங்கில் இருந்தால் நீதிபதி.

தலைவரின் மகன் போனோடு தொடக்கத்தில். முதல் ஓட்டம் பன்னிரண்டு வயதுப் பெண்கள். தலைவரின் கடைசி மகளும் அதில், நன்றாக ஓடுவாள். பீப். ஓடினார்கள். அவள்தான் முதல், இரண்டு மீற்றர் வித்தியாசத்தில். நேரே வாங்குக்கு ஓடினாள்.

"மாமா, என்ர நேரம் என்ன?"

யோகன் மாமா தன் ஸ்ரொப் வோச்சைப் பார்த்தார். பூச்சியம். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவருடையதும் பூச்சியம். ஐந்தும் பூச்சியம். ஐந்து பேரும் கண்ணிமைக்காமல் தொடக்கக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம், புகை வரும் வரும் என்று.

தலைவர் ஓடிவந்தார். "சத்தம் கேட்டது தானே?"

"கேட்டது."

"அப்ப ஏன் அமத்தேல்லை?"

"புகை வரேல்லையே!"

"பீப்புக்குப் புகை வருமோ அண்ணை?"

"சத்தத்துக்கு அமத்தாதேங்கோ, புகைக்கு அமத்துங்கோ எண்டு விதியில எழுதினது ஆர்? நீர் தானே. சத்தம் பிந்தித்தான் வரும், கண்ணை நம்புங்கோ, காதை நம்பாதேங்கோ எண்டு வருசா வருசம் வகுப்பு எடுத்தனீர். இப்ப எங்கட விரல் காதுக்குக் கீழ்ப்படியாது."

இன்னொரு முறை பீப். இரண்டு பேர் அமத்தினார்கள், மூன்று பேர் புகையைத் தேடினார்கள். மூன்றாம் முறை எல்லாரும் அமத்தினார்கள், ஐந்து கடிகாரத்தில் ஐந்து நேரம். ஒருவருக்கும் மற்றவருக்கும் ஒரு செக்கன் வித்தியாசம்.

சின்னவள் விடவில்லை. எல்லார் முன்னாலும்: "அப்பா, என்ர நேரம் எங்க? நான் இனியொருக்கா அப்பிடி ஓட மாட்டன்!"

தலைவர் வேர்வையைத் துடைத்தார். தண்ணீர் மேசைப் பக்கம் பார்த்தார். அம்மா போத்தல்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். அப்படியொரு அக்கறையான அடுக்கல் நான் கண்டதில்லை.

"ஸ்ரெல்லா அக்கா," என்றார் தலைவர். "சாமான் கிடக்குதோ?"

"பெட்டியில கிடக்கு. வெடியும் கிடக்கு. ஆனா வடிவில்லை."

நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்தேன்.

ஒரு வெடி. ஐந்து ஸ்ரொப் வோச். பத்தில் ஒரு செக்கனுக்குள் எல்லாம் ஒன்று. யோகன் மாமா தலைவரைப் பார்த்துக் கையை விரித்தார்.

இதோடு முடியவில்லை. தலைவர் விட்டுக்கொடுக்கிற ஆளா? "சரி அக்கா, நீங்களே வையுங்கோ. ஆனா பிள்ளை மினுக்கித் தரட்டும்." நான் பெருமையாகக் குழாய்ப் பிடியை எடுத்து நீட்டினேன். யோகன் மாமா அதை வாங்கி வெயிலில் திருப்பினார். என் கண் கூசியது.

"இந்த மாதிரியோ வரும்?"

"ஓம் மாமா. இதைவிட நல்லா."

"ஸ்ரெல்லா, உதைக் கையில பிடிச்சுக்கொண்டு அங்க போய் நில்லும். வெடிக்க வேண்டாம். சும்மா கையை உயர்த்தும்."

அம்மா நூறு மீற்றர் நடந்து போய், நகரசபைக்கு மரியாதை செய்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, குழாய்ப் பிடியை உயர்த்தினார். பளீர்.

இரண்டு ஸ்ரொப் வோச் ஓடத் தொடங்கிவிட்டது.

"பாத்தனீரோ?" என்றார் யோகன் மாமா தலைவரிடம். "வெடிக்க முந்தியே நாங்கள் அமத்திப் போடுவம். உம்மட மகளுக்கு ஒரு செக்கன் கூட விழும். மினுக்கிற சோலியே வேண்டாம்."

மகளுக்கு ஒரு செக்கன் கூட என்றதும் முடிந்தது.

யூன் 15, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம்.

வந்து யோசித்தேன். உண்மையாக யோசித்தேன், ஏனென்றால் எனக்கு இன்னும் மினுக்க ஆசை. வேலை தெரிந்தவளுக்குத் தேய்ந்த சாமானைக் கண்டால் கை அரிக்கும். மெழுகுத் தீவோடு அந்த வேலை எப்படி வந்திருக்கும் என்று பார்க்கவே ஆசை. பளபளப்பைக் கொஞ்சம் குறைத்து மங்கலாகப் பூசலாம். வழி இருக்கிறது.

ஆனால் யாருக்காக? அம்மா கேட்கவில்லை. ஓடுகிறவர்களுக்குத் தேவையில்லை. கணிக்கிறவர்களுக்கு இடைஞ்சல். மிஞ்சுவது நகரசபைப் படம். அந்தப் படத்துக்காக அம்மாவின் விரல் அடையாளத்தைத் துடைத்தெறிய நான் யார், தலைவரின் இன்னொரு மகனா?

பூசவில்லை. முடிவு. பெட்டியை மூடினேன். மனம் லேசு.

யூன் 20, வெள்ளி

32 பாகை. தொழிற்சாலையில் பத்துப் பேர்கூட இல்லை.

சின்னத் தொட்டி சும்மா கிடந்தது. றிவோல்வர் அதற்குள் போகவில்லை. மேசையில் வைத்து நானும் ஸ்வென்யாவும் செய்தவை:
- வெடிமருந்துக் கரி, பழைய பல்துலக்கியால்
- சுத்தியல் வில்லுக்கு ஒரு துளி எண்ணெய்
- கைப்பிடியின் ஆடுகிற திருகாணி இறுக்கியது
- முத்திரைக்கு மேல் ஒன்றும் இல்லை. விரலால் மட்டும் தடவிப் பார்த்தது

நீளக் கையுறை வந்துவிட்டது! எல்லாருக்கும். ஒன்பது சோடி "தொலைத்த" பிறகு. ஷெஃப் என்னைப் பார்த்த பார்வை...

ஸ்வென்யா நாளைக்கு வருகிறாள். பெரிய பெண்கள் நூறு மீற்றரில் பெயர் கொடுத்துவிட்டேன், அவளுடையதும் என்னுடையதும். அவளை வெல்வேன். சுடுவதில் ராணியாக இருக்கட்டும்.

யூன் 21, சனி

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன். தோல் எரிகிறது. தொண்டை இல்லை.

அம்மாவின் செம்மஞ்சள் கைச்சட்டை. காதில் மூடி. கையை உயர்த்தினார், மைதானம் அடங்கியது. வெடி, புகை, ஐந்து விரல். நாற்பத்தொரு ஓட்டம், ஒரு வெடிகூடப் பிழைக்கவில்லை. தலைவரின் சின்னவள் தன் நேரத்தைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு எல்லாருக்கும் காட்டித் திரிந்தாள். நகரசபைப் பெண்மணி, ஒருங்கிணைவு பற்றிப் பேச எழுதி வந்த தாளை மடித்து வைத்துவிட்டு, குழந்தைகள் ஓட்டத்தில் நின்று கத்தினார். சாப்பாட்டு மேசையில் ரோல்ஸ் நூறு போதவில்லை.

கடைசியில் எங்கள் ஓட்டம். நான் மூன்றாம் கோடு, ஸ்வென்யா நான்கு. பக்கத்தில் பார்த்துப் பல்லைக் காட்டினாள்.

"இடங்களில் நில்லுங்கோ." அம்மாவின் குரல்.

"ஆயத்தம்..."

எனக்குத் தெரியும், அம்மா வழமையாக எவ்வளவு நேரம் எடுப்பார் என்று. இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறேன். அந்தக் கணக்கில் பாய்ந்தேன்.

வெடி. உடனே இன்னொரு வெடி. எல்லாரும் நின்றார்கள். நான் பத்து மீற்றர் போயிருந்தேன்.

"மூன்றாம் கோடு. வெளியில."

"அம்மா!"

"இங்க அம்மா இல்லை. வெளியில போ பிள்ளை."

மைதானமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகத் தலைவர். அவர் மைக்கைப் பறித்துக்கொண்டு, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக: "பாத்தியளோ! சொந்த மகளையும் விடேல்லை! எங்கட தொடக்குநர், திருமதி ஸ்ரெல்லா அன்ரன் அவர்கள்!" கைதட்டு நிற்கவே இல்லை. நான் கோட்டுக்கு வெளியே நின்று, வாய்க்குள் விரல் வைத்து விசிலடித்தேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வெடியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்வென்யா வென்றாள். கிண்ணத்தோடு ரயிலேறினாள்.

இப்போது அம்மா சோபாவில், காலை வாளித் தண்ணீருக்குள் விட்டபடி. றிவோல்வர் என் மடியில், கையில் துணி.

"துடை," என்கிறார். "மினுக்காத."